பெட்டி இருக்கட்டும், சீட்டு எங்கே?

சிறகும் ஸ்பேனரும்: வாசகர் கேள்வி பதில்

ஊத்தான் மெலிந்தாங்கில் உட்கார்ந்துகொண்டு விமானத்தைப் பற்றி எழுதுகிறானே என்று கோப்பிக் கடையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பக்கத்து ஜெண்டராத்தா தோட்டத்துக்குச் சொந்த ஓடுதளமே இருக்கிறது என்பது இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போனதும் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அங்கே சின்ன விமானம் இறங்குமா என்று வெயிலில் காத்து நின்றவன் நான். அப்புறம் சுபாங்கில் முப்பது வருஷம் விமான ரேடியோ பழுதுபார்க்கும் பெஞ்சில் குனிந்து முதுகு வளைந்தது. இப்போது நாலு பேர் கூட்டாக வைத்திருக்கும் ஒரு பழைய செஸ்னா 172-ல் எனக்குக் கால் பங்கு. விமானத்துக்கு மூன்று சக்கரம்தானே, நாலாவது ஆளுக்கு என்ன என்று வீட்டுக்காரி கேட்கிறாள். ரேடியோ என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, பழைய சாமான் விற்பது பற்றி. அதிலிருந்தே தொடங்குவோம்.

கேள்வி: அண்ணா, அப்பா போன வருஷம் தவறிவிட்டார். நண்பர்கள் மூவரோடு சேர்ந்து ஈப்போவில் ஒரு சின்ன விமானம் வைத்திருந்தார். வீட்டு ஸ்டோரில் நாலு பெட்டி கிடக்கிறது. மேலே கிங் கேஎக்ஸ் 155, கேஎக்ஸ் 170பி, கேடி 76ஏ, கேஆர் 87 என்று எழுதியிருக்கிறது. நாலையும் சேர்த்து ஆயிரம் வெள்ளிக்கு ஒருவர் கேட்கிறார். கொடுத்துவிடலாமா? காடி பேட்டரியில் இணைத்து ஓடுகிறதா பார்க்கலாம் என்கிறான் என் தம்பி.
(வாசகி, தெலுக் இந்தான்)

பதில்: முதலில் உங்கள் தம்பியின் கையிலிருந்து அந்த ஒயரை வாங்கி வையுங்கள், அம்மா. இந்தப் பெட்டிகளில் சில 14 வோல்ட், சில 28 வோல்ட். பின்பக்கம் எந்தப் பின் எதற்கு என்று தெரியாமல் கரண்ட் கொடுத்தால் ஒரு நொடியில் புகை வரும். புகை வந்த ரேடியோவை நான் நிறையத் திறந்திருக்கிறேன். அநேகமாக எல்லாம் “சும்மா போட்டுப் பார்த்தோம்” என்ற கேஸ்தான். இன்னொன்று, ஆன்டெனா இல்லாமல் பேசும் பட்டனை அமுக்கினால் அனுப்பும் பகுதிக்கு ஆகாது. ஆன்டெனாவோடு அமுக்கினால் அனுமதி இல்லாமல் விமான அலைவரிசையில் பேசிய குற்றம். இரண்டும் வேண்டாம்.

இப்போது பெட்டிகளைப் பார்ப்போம். நாலும் ஒரே ஜாதி இல்லை.

155 என்பது பேசவும் வழி காட்டவும் சேர்ந்த ரேடியோ. 760 சானல், அனுப்பும் சக்தி 10 வாட். இன்றைக்கும் கேட்டு வாங்க ஆள் இருக்கிறது. வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, “எண் எப்படித் தெரிகிறது?” என்பதுதான். அதன் முகப்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் எண்கள் வாயுக் குழாய் வகை. வயதானால் ஓரத்தில் மங்கி, 8 என்பது 6 மாதிரித் தெரியும். இரண்டாவது கேள்வி, கிளைட்ஸ்லோப், அதாவது ஓடுதளத்துக்கு இறங்கும் சரிவைப் பிடித்துக் காட்டும் பகுதி, இருக்கிறதா என்பது. அதற்குப் பதில் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்த்தகட்டில் இருக்கிறது. 069-1024 என்று ஓர் எண் இருக்கும், அதற்குப் பின்னால் கோடு போட்டு இன்னும் இரண்டு எண். அந்த இரண்டு எண்தான் வோல்ட்டையும் கிளைட்ஸ்லோப்பையும் சொல்லும். கண்ணாடி போட்டுக்கொண்டு அதை மட்டும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

170பி அதற்கு அண்ணன். குமிழைத் திருகினால் உள்ளே எண் சக்கரம் “கட கட” என்று நகரும். 720 சானல், 136 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. சக்தி 5 வாட். நல்ல பெட்டி, எனக்குப் பிடித்த பெட்டி, ஆனால் சந்தையில் அதற்கு மரியாதை குறைந்துவிட்டது. கேஆர் 87 தரை ஒலிபரப்பு நிலையத்தை நோக்கி ஊசி காட்டும் ஏடிஎஃப். அந்த நிலையங்களையே உலகம் பூராவும் ஒவ்வொன்றாக மூடி வருகிறார்கள். கிணறு வற்றிய ஊரில் வாளி விற்கிற மாதிரிதான்.

76ஏ டிரான்ஸ்பாண்டர், தரை ராடார் கேட்டால் விமானத்தின் அடையாள எண்ணைப் பதிலாக அனுப்பும் பெட்டி. இதன் கதை வேறு. அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் பரபரப்பான வான்வெளியில் பறக்க, விமானம் தன் இடத்தைத் தானே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி கட்டாயம் என்றார்கள். அங்கே ஆயிரக்கணக்கான சின்ன விமானங்களில் பழைய டிரான்ஸ்பாண்டரைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினார்கள். கழற்றியது எங்கே போகும்? சந்தைக்குத்தான். அதேபோல ஐரோப்பாவில் 2018 ஜனவரி 1 முதல் சானலுக்குச் சானல் 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி உள்ள ரேடியோ வேண்டும் என்று ஆனதும், 25 கிலோஹெர்ட்ஸ் பழைய ரேடியோக்கள் மொத்தமாகக் கழன்றன. உங்கள் அப்பா வாங்கிய நாளில் இந்தப் பெட்டிகளின் விலை என்னவோ, இப்போது அது இல்லை. விலை கேட்டவர் ஏமாற்றத்தான் வந்தார் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனாலும் ஆயிரம் வெள்ளிக்கு நாலையும் தூக்கிக் கொடுக்காதீர்கள். 155 நன்றாக ஓடி, சீட்டும் இருந்தால் அது ஒன்றே அந்தக் காசுக்கு மேல் போகும். மற்ற மூன்றும் அதோடு வரும் தொட்டுக்கை.

சீட்டு என்றேன், பெட்டி பறக்கத் தகுந்தது என்று பட்டறை கையெழுத்துப் போட்ட சான்றுத் தாள். அதுதான் விஷயமே. எங்கள் தொழிலில் “மஞ்சள் சீட்டு” என்போம், வெள்ளைத் தாளாக இருந்தாலும் பேர் அதுதான். அமெரிக்கப் படிவம் என்றால் 8130-3, ஐரோப்பிய வழி என்றால் ஈஸா ஃபார்ம் 1. அதில் 11-ஆம் கட்டத்தைப் பாருங்கள். பழுது பார்த்தது, முழுக்கப் பிரித்துச் சரிசெய்தது, சோதித்தது என்று ஏதாவது ஒன்று இருக்கும். 12-ஆம் கட்டத்தில் என்ன செய்தார்கள் என்ற விவரம். இந்தத் தாள் இருந்தால் அது விமான உதிரிப் பாகம். இல்லையென்றால் அலுமினியப் பெட்டிக்குள் கொஞ்சம் செம்பு. அப்பாவின் பழைய ஃபைல்கள், விமான லாக்புக் நகல், பிஸ்கட் டின் எதையும் தூக்கிப் போடாதீர்கள். என் அனுபவத்தில் இந்த மாதிரிச் சீட்டுகள் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கவருக்குள்தான் கிடைத்திருக்கின்றன.

தாள் கிடைக்காவிட்டால் ஏவியானிக்ஸ், அதாவது விமான மின்னணுச் சாதனப் பட்டறை ஏதாவது ஒன்று குறைந்த விலைக்கு எடுக்கும். அவர்கள் பெஞ்சில் வைத்து, திறந்து, அளந்து, பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்குத்தான் காசு. அதனால் அவர்கள் விலை இடிப்பது நியாயம்தான், நானும் இடித்தவன்.

பெட்டியோடு ஒரு தகரக் கூடு கிடக்கிறதா பாருங்கள். டிரே என்போம். ரேடியோ அதில்தான் செருகி நிற்கும், பின்புறக் கனெக்டரும் அதில்தான் இருக்கும். டிரே, கனெக்டர், வட்டமான காட்டி இவை சேர்ந்தால் விலை ஏறும். கடிகாரம் மாதிரி ஒரு சாதனம், உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு ஊசி இருந்தால் அது கேஐ 209 ஆக இருக்கலாம். அதைப் பேரன் விளையாடக் கொடுத்துவிடாதீர்கள்.

துடைக்க வேண்டும் என்றால் உலர்ந்த துணி போதும். பின்னால் தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கும் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள் சிலர். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் சொல்கிறேன், ரப்பரை அங்கே கொண்டுபோகாதீர்கள், பூச்சு போய்விடும். அந்துருண்டையும் வேண்டாம். ஒருமுறை அந்துருண்டை போட்டு வைத்த ரேடியோ பெஞ்சுக்கு வந்தது. சூடானதும் பட்டறை முழுக்கக் கல்யாணப் புடவை வாசனை.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் சங்கடமானது. அந்தப் பெட்டிகள் அப்பாவுடையவையா, விமானத்துடையவையா? கூட்டு விமானத்திலிருந்து கழற்றியது என்றால் அது கூட்டுச் சொத்து. கழற்றிய நாளும் பெட்டியின் சீரியல் எண்ணும் லாக்புக்கில் இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டரை கிலோ பெட்டி ஒன்றை எடுத்தாலும் விமானத்தின் எடைக் கணக்கைத் திருத்தி எழுதியாக வேண்டும். அப்பாவின் நண்பர்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். “மாமா, இது யாருடையது?” என்று நேராகவே கேட்கலாம். அவரிடமே சீட்டும் இருக்கக்கூடும்.

கேள்வி: நாங்கள் நாலு பேர் 1976-ஆம் ஆண்டு செஸ்னா 172 ஒன்றைப் பங்குக்கு வைத்திருக்கிறோம். வருஷத்துக்கு நாற்பது மணி நேரம் பறப்பதே அதிகம். பறக்காத வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை போய் எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட விட்டு வருகிறோம். இது போதும்தானே?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய டாக்டர், ஈப்போ)

பதில்: டாக்டர், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பதிலாக நீங்கள் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் எஞ்சினுக்கு நல்லது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் கிளம்பும். அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக எஞ்சின் வயிற்றுக்குள் இறங்கும். பறந்தால் ஆயில் நன்றாகச் சூடாகி அந்த ஈரத்தை வெளியே தள்ளிவிடும். பத்து நிமிஷத்தில் ஆயில் அந்தச் சூட்டுக்கு வராது. நீங்கள் வாராவாரம் ஒரு குவளை ஈரத்தை உள்ளே ஊற்றிவிட்டு மூடி வைத்து வருகிறீர்கள். தரையில் ஓட விடுவது பறப்பதற்கு ஈடாகாது, துருவைக் கூட்டவே செய்யும் என்று லைகாமிங் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது.

உங்கள் எஞ்சினான ஓ-320-ல் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு மேலே இருக்கிறது, கிராங்குக்கும் மேலே. நிறுத்தி வைத்தால் அதன் மேல் இருந்த ஆயில் நாளடைவில் வடிந்துவிடும். நம் ஊர்க் காற்றோ துவைத்துப் பிழியாத துணி மாதிரி. மெருகு போட்ட இரும்பு, ஆயில் இல்லை, ஈரம் உண்டு. மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம். முதலில் ஒரு புள்ளித் துரு. அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது கேம் தள்ளிவிடும் லிஃப்டர் அந்தப் புள்ளியின் மேல் உரசும். புள்ளி குழியாகும். குழி உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும்.

எங்கள் விமானத்துக்கே இது நடந்தது. கோவிட் அடைப்பு முடிந்து மெல்லப் பறக்கத் தொடங்கிய சமயம். ஆயில் மாற்றிய கையோடு பழைய பில்டரை வெட்டிப் பார்த்தோம். அதை வெட்டத் தனிக் கட்டர் இருக்கிறது, டின் திறப்பான் மாதிரிச் சுற்றி வெட்டும். இரும்பு ரம்பத்தால் அறுக்கக் கூடாது, அறுக்கும் தூளே உள்ளே விழுந்து நம்மைப் பயமுறுத்தும். உள்ளே இருக்கும் காகிதத்தைக் கத்தியால் வெட்டி, மடிப்பை விரித்து, வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். தோசைக்கல்லில் எண்ணெய் தேய்த்த மாதிரிக் கருப்பு. அதற்கு நடுவில் மின்னல் மின்னலாக ஏதோ. கோலப்பொடியில் மின்னும் பொடி கலந்து விற்பார்களே, அதே மாதிரி. காந்தத்தைக் கொண்டுபோனேன், துள்ளி ஒட்டியது. ஒட்டாமல் இருந்தால் அலுமினியம், வேறு இடத்தில் தேட வேண்டும். ஒட்டினால் இரும்பு. இரும்பு என்றால் முதல் சந்தேகம் கேம்தான். சந்தேகம் சரியாக இருந்தது. எஞ்சினைப் பிரிக்க வேண்டியதாயிற்று. என் கால் பங்குக்கு வந்த பில்லை வீட்டுக்காரியிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. இந்த இதழை அவள் படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஆக, என்ன செய்வது? வாரம் ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ ஒரு மணி நேரம் பறந்துவிடுங்கள். நாலு பேர் இருக்கிறீர்கள், முறை போட்டுக்கொள்ளலாம். முடியாத மாதம் என்றால் எஞ்சினைத் தொடாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா அடைப்பான்களைப் போடச் சொல்லுங்கள். நீலமாக இருக்கும் மணி ரோஜா நிறமானால் மாற்ற வேண்டும். உங்கள் மருந்து டப்பாவுக்குள் கிடக்கும் அதே சரக்குதான்.

ஆயில் கணக்கு: பில்டர் இருந்தால் 50 மணிக்கு ஒருமுறை, இல்லாவிட்டால் 25. நீங்கள் வருஷத்துக்கே நாற்பது மணி என்பதால் மணியைப் பார்க்காதீர்கள், நாட்காட்டியைப் பாருங்கள். நாலு மாதத்துக்கு மேல் ஒரே ஆயில் கிடக்கக் கூடாது. பெரிய சர்வீஸ் கணக்கும் அப்படித்தான். 2,000 மணி என்று லைகாமிங் சொல்வதை மட்டும் பிடித்துக்கொண்டு, ஐம்பது வருஷம் ஓடும் என்று உங்கள் கூட்டாளி ஒருவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதே வரியில் “அல்லது 12 வருஷம்” என்றும் இருக்கிறது. எது முதலில் வருமோ அதுதான் கணக்கு.

ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ இரண்டையும் சோதிக்கும்போது விழும் எஞ்சின் சுற்றுகளை எழுதி வைக்கிறீர்களா? நிமிஷத்துக்கு 1,700 சுற்றில் வைத்து இடது, வலது என்று மாற்றும்போது எந்தப் பக்கமும் 125-க்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்குள் இருக்க வேண்டும். ஆனால் ஒரு நாள் எண்ணை வைத்து ஒன்றும் தெரியாது. போன மாதம் 70, இந்த மாதம் 95, அடுத்த மாதம் 115 என்று ஏறினால் அது பேசுகிறது என்று அர்த்தம். பிரஷர் நோயாளிக்கு நீங்கள் நோட்டுப் போட்டுத் தருவீர்களே, அதையே செய்யுங்கள். 500 மணிக்கு ஒருமுறை மேக்னெட்டோவைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டியதும் உண்டு.

அப்புறம் குளவி. வீட்டில் குளவி மண்கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று என் பாட்டி அதைக் கலைக்க விடமாட்டாள். விமானத்தில் அதற்குப் பிடித்த இடம் இறக்கையின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய். அங்கே கட்டினால் வேகமானி பொய் சொல்லும். 2013-ல் பிரிஸ்பேனில் ஒரு ஏ330 விமானத்துக்கே இப்படி நடந்து, கிளம்பியதும் திரும்பி வந்து இறங்கினார்கள். அவ்வளவு பெரிய விமானத்தை ஒரு குளவி திருப்பியது. உறையைப் போடுங்கள், அரை மணி நேரம் நிறுத்தினாலும் போடுங்கள். பறக்கும் முன் கழற்றவும் மறக்காதீர்கள்; அதற்காகத்தான் அதில் சிவப்பு நாடா தொங்குகிறது.

கேள்வி: விமானத்துக்குச் சாதாரண பெட்ரோல் ஊற்றினால் என்ன? தனி பெட்ரோல் என்கிறார்களே, அது வியாபாரத் தந்திரமா?
(லாரி ஓட்டுநர், பாகான் டத்தோ)

பதில்: தந்திரம் இல்லை, அண்ணே. அவ்காஸ் 100எல்எல் என்பது ஈயம் கலந்த, ஆக்டேன் கூடிய பெட்ரோல். சில குறைந்த அழுத்த எஞ்சின்களுக்குக் காடி பெட்ரோல் ஊற்ற முறையான அனுமதித் தாள் உண்டு; தாள் இல்லாமல் ஊற்றினால் எஞ்சின் தட்டும், இன்சூரன்சும் கையை விரிக்கும்.

அது நீல நிறம். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பறக்கும் முன் இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன கிளாசில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்போம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்து மாதிரி உருண்டு நிற்கும். ஆனால் பிடித்தது முழுக்கத் தண்ணீராகவே இருந்துவிட்டால்? உருண்டையும் இருக்காது, கோடும் இருக்காது, பார்க்கப் பளிங்கு மாதிரிச் சுத்தமாக இருக்கும். அப்படி ஏமாந்தவர்கள் உண்டு. வெள்ளைச் சுவருக்கு எதிரே தூக்கிப் பிடித்து, நீலமா என்று பாருங்கள். மோந்தும் பாருங்கள்.

கேள்வி: ஐயா, என் மகன் பறக்கும் சங்கத்தில் இருக்கிறான். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் டிரான்ஸ்பாண்டர் ஒன்றை மலிவாக வாங்கிவிட்டான். “ஆஸ் ரிமூவ்ட்” என்று போட்டிருந்ததாம். பட்டறையில் மாட்ட மறுக்கிறார்கள். அவர்களுக்குக் கமிஷன் கிடைக்கவில்லை என்பதாலா?
(ஓய்வுபெற்ற தோட்டத்து டிரெசர், பீடோர்)

பதில்: ஐயா, நீங்கள் டிரெசராக இருந்தவர், உங்களுக்குச் சொன்னால் புரியும். லேபிள் கிழிந்த மருந்துப் பாட்டில் ஒன்றை ஒருவர் கொண்டுவந்து, “நல்ல மருந்துதான், மலிவாகக் கிடைத்தது, ஊசி போடுங்கள்” என்றால் போடுவீர்களா? “ஆஸ் ரிமூவ்ட்” என்றால் கழற்றியபடியே விற்கிறோம், ஓடுமா ஓடாதா எங்களுக்குப் பொறுப்பில்லை என்று பொருள். விற்றவர் பொய் சொல்லவில்லை. உங்கள் மகன்தான் அந்த வரியைத் தாண்டி விலையைப் படித்துவிட்டார்.

நானும் படித்தவன்தான் இந்தப் பாடத்தை. சுபாங்கில் நல்ல சம்பளத்தில் இருந்த காலம், கொஞ்சம் திமிரும் இருந்தது. கடல் கடந்த ஒரு வியாபாரியிடம் டிரான்ஸ்பாண்டர் இரண்டு வாங்கினேன். சீட்டு பின்னால் வரும் என்றார். பெட்டி வந்தது, சீட்டு வரவில்லை. தொலைநகல் அனுப்பினேன், பதில் வந்தது. மறுபடி அனுப்பினேன், பதில் வரவில்லை. நானே பெஞ்சில் வைத்துப் பார்த்தேன், ஒன்று அற்புதமாக ஓடியது. ஓடி என்ன? அது எந்த விமானத்தில் இருந்தது, தண்ணீரில் விழுந்ததா, விபத்தில் அடிபட்டதா, யார் கடைசியாகத் திறந்தார்கள் என்று ஒரு வரியும் இல்லை. என் மேலதிகாரி கையெழுத்துப் போடவில்லை. அன்றைக்கு அவர் மேல் எனக்கு ஆத்திரம். இன்றைக்கு நானாக இருந்தாலும் போட மாட்டேன். அந்த இரண்டில் ஒன்று இப்போது எங்கள் பின்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து நிற்கிறது. இன்னொன்றை உதிரிக்காகப் பிரித்துவிட்டேன்.

மகனைத் திட்ட வேண்டாம். பட்டறையில் “மாட்டித் தாருங்கள்” என்று கேட்காமல், “சோதித்துச் சான்று தர எவ்வளவு ஆகும்?” என்று கேட்கச் சொல்லுங்கள். பழைய மாடலில் அனுப்பும் குழாய் தேய்ந்துபோயிருக்கலாம்; அப்படியென்றால் செலவு பெட்டியின் விலையைத் தாண்டும், அப்போது நிறுத்திவிடலாம். கழற்றும்போதும் கவனம். இந்தப் பெட்டிகளின் முகப்பில் மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். அதற்குள் 3/32 அங்குல ஆலன் சாவியை விட்டு இடப்பக்கமாகத் திருகினால் உள்ளே பூட்டு விலகி, பெட்டி தானாகவே கால் அங்குலம் முன்னால் வரும். அது தெரியாமல் ஸ்குரூடிரைவரால் நெம்பி முகப்பை உடைத்தவர்களிடம் நான் நிறைய சம்பாதித்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் விமானத்தில் கார்மின் ஜிஎன்எஸ் 430 ஜிபிஎஸ் பெட்டி இருக்கிறது. “430 டபிள்யூ” ஒன்று விலைக்கு வருகிறது, இரண்டு மடங்கு சொல்கிறார்கள். பழையதை விற்றுவிட்டு மாறலாமா?
(வியாபாரி, சித்தியவான்)

பதில்: டபிள்யூ என்பது வாஸ். வட அமெரிக்க வானத்துக்காகச் செயற்கைக்கோள் வழியே வரும் திருத்தக் கணக்கு அது. சித்தியவானுக்கு மேலே நீங்கள் எத்தனை வட்டம் போட்டாலும் அது கிடைக்காது. அந்த ஓர் எழுத்துக்காக மட்டும் இரண்டு மடங்கு கொடுப்பதை நான் செய்ய மாட்டேன். 430 வெளிவந்தது 1998-ல். எந்த எழுத்து ஒட்டியிருந்தாலும் தாத்தாதான். காசு இருந்தால் அதைப் பழைய வாக்குவம் பம்புக்கும் கைரோவுக்கும் மாற்றாக வரும் எலக்ட்ரானிக் காட்டிக்குச் செலவு பண்ணுங்கள். பட்டறையில் விலை கேட்கும்போது பெட்டிக்கு எவ்வளவு, ஒயர் வேலைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஒயர் வேலை பெட்டியை முழுங்கிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கேள்வி: பழைய விமானத்திலிருந்து எடுத்த ஆரஞ்சு நிற அவசரக் கருவி ஒன்றை என்னிடம் விற்கப் பார்க்கிறார்கள். 121.5 என்று எழுதியிருக்கிறது. வாங்கலாமா?
(வாசகர், தாப்பா)

பதில்: வேண்டாம். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 121.5-ஐக் கேட்பதை நிறுத்திவிட்டன. நீங்கள் காட்டுக்குள் விழுந்து அது கத்தினால், மேலே போகும் விமானம் ஏதாவது தற்செயலாகக் கேட்டால்தான் உண்டு. 406 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், பேட்டரியின் காலாவதி தேதியையும் பாருங்கள்.

கேள்வி: ஐந்தாம் படிவம் படிக்கிறேன். உங்களைப் போல ஆக என்ன படிக்க வேண்டும்? அம்மா இது ஆம்பிளைங்க வேலை என்கிறார்.
(மாணவி, ஊத்தான் மெலிந்தாங்)

பதில்: என்னைப் போல ஆக வேண்டாம், முதுகு வலிக்கும். மலேசியாவில் விமானப் பராமரிப்புக்கான பார்ட் 66 லைசென்ஸ் எடுக்க வேண்டும். எஞ்சின், உடல் பக்கம் என்றால் பி1. எங்கள் ஏவியானிக்ஸ் பக்கம் என்றால் பி2. கணக்கும் இயற்பியலும் விடாதே, ஆங்கிலத்தில் மேனுவல் படிக்கப் பழகு. நிறக்குருடு இருக்கிறதா என்று இப்போதே சோதித்துக்கொள், ஏனென்றால் ஒயர் எல்லாம் நிறம்தான். பேனலுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, இரண்டு விரல் மட்டும் போகிற சந்தில் ஒரு பின்னைச் செருகும் வேலைக்கு என் கையை விடச் சின்னக் கைதான் தோது. சுபாங்கில் அந்த மாதிரி வேலை வந்தால் நாங்கள் கூப்பிட்டதே எங்கள் பட்டறையில் இருந்த ஒரு பெண் டெக்னிஷியனைத்தான். அம்மாவிடம் இதைச் சொல். நம்பவில்லை என்றால் சனிக்கிழமை காலை பசாருக்கு எதிரே உள்ள கோப்பிக் கடைக்கு இரண்டு பேரும் வாருங்கள், ஒரு பழைய 170பி-யைத் திறந்து காட்டுகிறேன்.

ஒரு திருத்தம்: போன இதழில் செஸ்னா 172 விமானம் 28 வோல்ட்டுக்கு மாறியது 1977 மாடலில் என்று எழுதிவிட்டேன். பழைய ஃபோர்மன் ஒருவர் தெலுக் இந்தானிலிருந்து போன் போட்டு, “தம்பி, 77 இன்னும் 14 வோல்ட், 78-லிருந்துதான் 28” என்றார். அவர் சொல்வதுதான் சரி. 1977 மாடல் வைத்திருப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு 28 வோல்ட் ரேடியோ வாங்கியிருந்தால், சீட்டோடு பத்திரமாக வையுங்கள், திருப்பி விற்க ஆள் பார்த்துத் தருகிறேன்.